டர்பனில் அறை தேடும்முன் டாக்ஸித் தடத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு ஆகும் என்று. அடுத்தது, பக்கத்தில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா, கோயில் இருக்கிறதா என்று. கல்லூரிக்கு எப்படிப் போய் வருவது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கேட்டாலும் "எத்தனை கிலோமீட்டர் அக்கா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2023 பிப்ரவரியில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்துக்கு வேதியியல் ஆய்வு மாணவியாக வந்தபோது நானும் இதே கேள்விகளோடுதான் வந்தேன். அந்த முதல் வருடம் போக்குவரத்தில் நான் பட்ட பாடும், கரைந்த பணமும், அதைவிடக் கரைந்த நேரமும் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் விஷயம், உங்கள் சேர்க்கைக் கடிதத்தில் எந்த வளாகம் என்று போட்டிருக்கிறது எனப் பாருங்கள். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வளாகங்கள். ஹோவர்ட் காலேஜ் வளாகம் பெரியா மலைமுகட்டில் கிளென்வுட் பக்கம் இருக்கிறது. மருத்துவப் பள்ளி அம்பிலோவில். எட்ஜ்வுட் பைன்டவுனில். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகம் வேறு நகரமே, என்3 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். வெஸ்ட்வில் வளாகமோ நகரத்துக்கு வெளியே குன்றின்மேல், மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேருபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் ஸ்டீவ் பிகோ, எம்.எல். சுல்தான் வளாகங்கள் நகரத்தை ஒட்டியே இருப்பதால் டவுனுக்கு வரும் எந்த வண்டியும் உதவும். வெஸ்ட்வில் அப்படி இல்லை. இதை வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நான் அறை பிடித்தது சாட்ஸ்வொர்த்தில். 1960-களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் இந்தியக் குடும்பங்களை மற்ற இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த ஊர் அது. இன்று தெருவுக்குத் தெரு தமிழ்ப் பெயர்கள், கோயில் கொடிகள், மசாலா வாசனை. இங்கே அவுட்பில்டிங் என்பார்கள், வீட்டுக்குப் பின்னால் தனி வாசலோடு ஓர் அறை, சின்ன அடுப்படி, குளியலறை. வாடகை 3,500 ரேண்ட். வீட்டுக்கார ஆன்ட்டிக்குத் தமிழ் அவ்வளவாக வராது. வணக்கம், நன்றி, சாமி கும்பிடும் சொற்கள், சாப்பாட்டுப் பெயர்கள், அவ்வளவுதான். ஆனால் அவருடைய மாமியாரான ஆயா நல்ல பழைய தமிழ் பேசுவார். முதல் நாளே ரசமும், டோல் என்று இங்கே சொல்லும் பருப்புக் கறியும் கொடுத்து "நம்ம ஊட்டுப் பொண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டை விட்டு இவ்வளவு தூரம் தனியாக வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கைபேசி வரைபடத்தில் வளாகம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், காரில் இருபது நிமிடம் என்று காட்டியது. ஒரு மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்துவிட்டேன்.

அந்த இருபது நிமிடம் கார் வைத்திருப்பவர்களுக்கு. பொதுப் போக்குவரத்தில் எனக்குக் கிடைத்த வழி வேறு. இங்கே டாக்ஸி என்றால் மினிபஸ், பதினைந்து பேர் உட்காரும் டொயோட்டா குவாண்டம். சாட்ஸ்வொர்த்திலிருந்து அது நேராக டவுனுக்குத்தான் போகும். டவுனில் வார்விக் சந்திப்புப் பக்கம் இறங்கி, சந்தைகளின் ஊடாக நடந்து வேறொரு நிலையத்துக்குப் போய், வெஸ்ட்வில் பக்கம் போகும் டாக்ஸியைப் பிடிக்க வேண்டும். முக்கோணத்தின் ஒரு பக்கத்தைக் கடக்க மற்ற இரண்டு பக்கமும் சுற்றுவது இது. டாக்ஸிக்கு நேர அட்டவணை கிடையாது, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். காலை ஆறரைக்குள் ஏறினால் சீக்கிரம் நிரம்பும். ஒன்பது மணிக்கு மேல் போனால் உள்ளே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டே மற்றவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் சாதாரணம், மழை நாளில் இரண்டைத் தாண்டும். போக வர 80 ரேண்ட் ஆனது. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் வாடகையில் பாதி.

ஏன் இப்படி என்று எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. வீட்டிலிருந்த தாத்தாதான் விளக்கினார். நிறவெறிக் காலத்தில் கறுப்பர்களையும் இந்தியர்களையும் நகரத்துக்கு வெளியே வைத்துவிட்டு, அங்கிருந்து வேலைக்கு வர மட்டும் டவுனுக்குப் பாதை போட்டார்கள். ஒரு குடியிருப்புக்கும் இன்னொரு குடியிருப்புக்கும் இடையே போக்குவரத்து வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. மினிபஸ் டாக்ஸிகள் பெருகியபோதும் அந்தப் பழைய தடங்களையே பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு தடமும் ஒரு சங்கத்தின் கையில் இருக்கிறது, ஒருவர் தடத்தில் இன்னொருவர் ஆள் ஏற்ற முடியாது. தாத்தா இளவயதில் படித்தது இந்தியர்களுக்கென்று 1961-இல் தொடங்கிய கல்லூரியில். அது துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் குடியிருப்புகளில் நடந்தது. வீட்டிலிருந்து டவுன், டவுனிலிருந்து துறைமுகம், அங்கிருந்து படகு. 1972-இல்தான் அது வெஸ்ட்வில் குன்றுக்கு மாறியது. அதற்குள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் என்று ஆகியிருந்த அது, 2004-இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இப்போதைய பல்கலைக்கழகமானது. "நாங்க படகுல போனோம், நீ டாக்ஸில போறே, நேர் வழி மட்டும் இன்னும் வரல" என்றார். அவர் அதைச் சொன்ன பிறகு எனக்கு எரிச்சல் குறைந்தது. ஆனால் பயணம் குறையவில்லை.

ரயிலைப் பற்றியும் கேட்பீர்கள். சாட்ஸ்வொர்த்துக்குள் ரயில் பாதை உண்டு, அதுவும் டவுனுக்குத்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கத் தண்டவாளங்கள் பலத்த சேதமடைந்தன. வரைபடத்தில் நிலையம் இருக்கிறது என்பதை நம்பி அறை பிடிக்காதீர்கள். அந்தத் தெருவில் இருப்பவர் யாரையாவது கேட்டு, இப்போது வண்டி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டாக்ஸியில் ஏறுவதற்கும் சில முறைகள் இருக்கின்றன. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தர மாட்டார்கள், பார்த்துத்தான் கற்க வேண்டும். காசு மட்டும்தான், அட்டை செல்லாது. பின்னால் இருப்பவர்கள் வரிசை வரிசையாகக் கட்டணத்தைச் சேர்த்து முன்னால் கொடுப்பார்கள். சில வண்டிகளில் சறுக்குக் கதவருகே ஒரு பையன் நின்று வாங்குவான். அப்படி இல்லாத வண்டியில் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் சில்லறை எண்ணிப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது. கணக்கில் பத்து ரேண்ட் குறைந்தால் வண்டி முழுக்க உங்களைத்தான் பார்க்கும். ஆரம்பத்தில் அந்த இருக்கையில் உட்காராமல் இருப்பது நல்லது. 200 ரேண்ட் நோட்டை நீட்டாதீர்கள். இறங்கும் இடத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சிக்னலை இங்கே ரோபோ என்பார்கள், "ஆஃப்டர் ரோபோ" என்றால் சிக்னல் தாண்டி நிறுத்துவார். ஏறும்போது எல்லோருக்கும் "சனிபோனானி" என்று வணக்கம் சொல்லுங்கள். இந்த ஒரு ஜூலு வார்த்தைக்காகவே பாட்டிமார்கள் எனக்கு இடம் ஒதுக்கி, நான் இறங்க வேண்டிய இடத்தை அவர்களே கூவிச் சொல்லியிருக்கிறார்கள். டாக்ஸி என்றாலே ஆபத்து என்று நம்மவர்கள் சிலர் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த நகரத்தின் பெரும்பாலான மக்கள் தினமும் அதில்தான் போகிறார்கள். நாம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அதற்கு வருகிறேன். ஆய்வுக்கூட வேலை மாலை ஐந்து மணிக்கு முடிவதில்லை. கருவிக்கு நமக்குக் கிடைக்கும் நேரம் எதுவோ அதுதான். ஆனால் டாக்ஸி தொழிலாளர்களின் நேரத்தை ஒட்டி ஓடுகிறது, ஆறு மணிக்கு மேல் மெல்ல மெல்லக் குறைந்துவிடும். அதோடு ஜூன் மாதம் இங்கே குளிர்காலம், மாலை ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். நம் ஊரில் ஜூன் என்றால் ஏழு மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மனதில் படவே படாது. அப்படி ஒரு ஜூன் மாலை, மாதிரியைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டுக் கிளம்பி, வளாக வாசலில் டவுன் டாக்ஸி பிடித்து வார்விக்கில் இறங்கினேன். மின்வெட்டு நேரம். அந்த வருடம் முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. பகலில் ஆயிரக்கணக்கானவர்கள் நடமாடும் இடம், காய்கறி மூட்டைகளும் மூலிகைக் கடைகளும் கூச்சலுமாக இருக்கும் இடம், இருட்டில் வேறு ஊர் மாதிரி இருந்தது. சாட்ஸ்வொர்த் வண்டி நிற்கும் இடத்தில் ஆளே இல்லை. ஆன்ட்டிக்குப் போன் பண்ணலாம் என்று கைபேசியை எடுத்தேன். எண்ணைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. கத்தக்கூட வாய் வரவில்லை. கால்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

அங்கே ஓர் அம்மா வேகவைத்த சோளக்கதிர் விற்றுக்கொண்டிருந்தார். பெரிய அலுமினியப் பானை, மூடியைக் கல் வைத்து அமுக்கியிருந்தார், ஓரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் என்னை இழுத்துத் தன் பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்காரவைத்து, தன் சால்வையை என் தோளில் போட்டார். ஜூலுவில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முழங்கையை அவர் விடவே இல்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு நடந்து வந்து, வண்டி வரிசையைக் கவனிக்கும் மார்ஷலிடம் ஒப்படைத்து, சாட்ஸ்வொர்த் வண்டி வந்ததும் முன் இருக்கையில் ஏற்றிவிட்டுத்தான் போனார். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆயா வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ராத்திரியில டவுன்ல மாறாதே கண்ணு, பகல்ல எங்கே வேணா போ" என்றார். வந்த அன்றே யாராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்று அழுகையாக வந்தது. ஊரில் அம்மாவிடம் சொல்லவில்லை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றேன். அந்தப் பொய்யைச் சொன்னது இன்னும் உறுத்துகிறது. சொல்லியிருந்தால் திரும்பி வா என்பார்களோ என்று பயம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்து பலன் கண்டவற்றைச் சொல்கிறேன். வழியில் கைபேசியை வெளியே எடுக்கவே கூடாது என்று ஆகிவிட்டதால், முக்கியமான மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிப் பையின் உள்பையில் வைத்துக்கொண்டேன். வங்கிச் செயலியை அன்றாடம் கொண்டுபோகும் கைபேசியிலிருந்து எடுத்துவிட்டேன். கைபேசி போனால் காவல் நிலையத்தில் கேஸ் நம்பர் வாங்குங்கள், காப்பீட்டுக்கும் மற்றதுக்கும் அதுதான் ஆதாரம். அதே எண்ணில் புது சிம் வாங்க, முதல் சிம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் போக வேண்டும். இங்கே பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கொடுத்துத்தான் சிம்மைப் பதிவு செய்வார்கள். விமான நிலையத்தில் உதவிக்கு வந்தவர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம்மை வைத்திருக்கிறவர்கள் இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மின்வெட்டு காலத்தில் 'எஸ்காம் சே புஷ்' செயலியில் நீங்கள் இருக்கும் பகுதிக்கு மட்டுமில்லாமல் வண்டி மாறும் பகுதிக்கும் நேரத்தைப் போட்டுவையுங்கள். 2024 மார்ச் கடைசியிலிருந்து மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் செயலி இருக்கட்டும். ஆய்வு வழிகாட்டியிடம், கருவி நேரம் காலையில்தான் வேண்டும், எனக்கு மாலையில் வண்டி கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு பல மாதம் நான் சொல்லாமலே இருந்தேன். சொன்னதும் அவர் ஒரு மின்னஞ்சலில் மாற்றிக் கொடுத்தார்.

மாலை நேரத்துக்குக் கைபேசிச் செயலியில் கார் கூப்பிட ஆரம்பித்தேன். வளாகத்திலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு 170 முதல் 200 ரேண்ட் வரை, மழை பெய்தால் இன்னும் ஏறும். வாரத்தில் பாதி நாள் இப்படி வந்தால் உதவித்தொகை என்ன ஆகும்? மாதம் முடிவதற்குள் கையைக் கடித்தது. அப்புறம் இன்னொன்று, மினிபஸ் டாக்ஸிக்காரர்களுக்கும் செயலிக் கார்களுக்கும் பல இடங்களில் ஆகாது. பெரிய மால்களின் வாசலிலும் டாக்ஸி நிலையங்களின் அருகிலும் செயலிக் கார் ஓட்டுநர் வரத் தயங்குவார், கொஞ்சம் தள்ளி நடந்து வரச் சொல்வார். இருட்டில் அப்படி நடக்காதீர்கள். வளாகத்துக்குள் பாதுகாப்பு ஆட்கள் நிற்கும் வாசலுக்கே வரச் சொல்லுங்கள், வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். டாக்ஸிக்காரர்கள் ஸ்டே அவே, அதாவது வேலைநிறுத்தம், அறிவிக்கும் நாளில் சாலையில் எதுவுமே ஓடாது. அப்படி ஒரு நாளில் என் துறைக் கருத்தரங்கில் நான் பேச வேண்டியிருந்தது, போகவே முடியவில்லை. முந்தின நாள் இரவே வீட்டுக்கார ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டதாம். உள்ளூர்க்காரர்களின் குழு ஒன்றில் கட்டாயம் சேர்ந்திருங்கள், செய்தி அங்கேதான் முதலில் வரும்.

பிறகு லிஃப்ட் கிளப். ஒருவர் தன் காரில் அந்தப் பக்கம் வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது. சாட்ஸ்வொர்த்திலிருந்து வெஸ்ட்வில் பக்கம் போகும் ஒருவரைக் கோயில் பூசையில் சந்தித்த ஓர் அக்கா மூலம் பிடித்தேன். மாதம் 1,400 ரேண்ட். காலை ஆறே முக்காலுக்கு வாசலில் ஹாரன், ஏழரைக்கு வளாகத்தில். அந்த மாதங்கள்தான் என் ஆய்வு கொஞ்சமாவது நகர்ந்த மாதங்கள். லிஃப்ட் கிளப்பில் சேரும்போது மூன்று விஷயம் முன்னாலேயே பேசிவிடுங்கள். விடுமுறை மாதத்துக்குக் கட்டணம் உண்டா? டிசம்பரில் வண்டி ஓடாமலே என்னிடம் முழுத் தொகை கேட்டார்கள், இடத்தைப் பிடித்து வைப்பதற்காம். இரண்டாவது, அவர் வேலை மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்? எங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னார், திங்களிலிருந்து இல்லை என்று. மூன்றாவது, மாலையில் நீங்கள் கால் மணி நேரம் தாமதித்தால் காத்திருப்பாரா? இது மூன்றும் எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது இருக்கட்டும்.

லிஃப்ட் கிளப் நின்றதும் சேமிப்பையும் அண்ணன் அனுப்பிய பணத்தையும் சேர்த்துப் பழைய போலோ கார் ஒன்றை 62,000 ரேண்டுக்கு வாங்கினேன். இங்கேயும் இடதுபுறம்தான் ஓட்டுகிறார்கள், நம் ஊர் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் படமும் கையெழுத்துமாக இருக்கிறது, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அது செல்லுபடியாகும்வரை ஓட்டலாம். சர்வதேச அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கி வந்துவிடுங்கள், போலீஸ் நிறுத்தினாலும் காப்பீட்டுக்காரர் கேட்டாலும் பேச்சு சீக்கிரம் முடியும். ஓட்டுவதில் சிக்கல் இல்லை, வண்டியை என் பெயருக்கு மாற்றுவதில்தான் சிக்கல். தென்னாப்பிரிக்க அடையாள எண் இல்லாத வெளிநாட்டவர் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் என்ற எண்ணை வாங்கினால்தான் வண்டி பதிவாகும். அதற்குப் பாஸ்போர்ட், விசா, புகைப்படம், முகவரிச் சான்று கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் வாங்கிய 21 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும், தவறினால் அபராதம். பெயர் மாற்றத்துக்கு வேண்டிய, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழோ 60 நாள்தான் செல்லும். எண் வராமலே இரண்டு கெடுவும் தாண்டி, ரோட்வொர்த்தி சோதனைக்கு மறுபடி பணம் கட்டினேன். அதற்குள் இன்னொரு அடி. முன்கண்ணாடியில் ஒட்டும் வருடாந்திர லைசென்ஸ் டிஸ்க்குக்கு விற்றவர் சில வருடமாகவே கட்டவில்லை, பாக்கியும் அபராதமும் சேர்ந்து நிற்கிறது என்று கவுண்டரில் சொன்னார்கள். அதைக் கட்டாமல் வண்டி கைமாறாது. விற்றவர் அதற்குள் கைபேசி எண்ணை மாற்றிவிட்டார். 4,000 ரேண்டுக்கு மேல் என் கையிலிருந்து போனது. கவுண்டரில் நின்றபடி கண்ணில் தண்ணீர் வந்தது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பருக்கு விண்ணப்பியுங்கள், வண்டி பார்ப்பது அப்புறம். எண் கையில் வந்த பிறகு வண்டியைப் பார்த்து, கண்ணாடியில் இருக்கும் டிஸ்கின் தேதியைப் படியுங்கள். பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். பணத்தை வீட்டில் வைத்துக் கொடுக்காமல், பாக்கி ஏதும் இல்லை என்று லைசென்சிங் அலுவலகக் கவுண்டரிலேயே இருவரும் நின்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். காப்பீடு விஷயத்தில் நம் ஊர் நினைப்போடு இருந்துவிடாதீர்கள். இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. இங்கே அந்தக் கட்டாயம் கிடையாது. பெட்ரோல் விலையில் பிடிக்கும் தீர்வையிலிருந்து சாலை விபத்து நிதி என்று ஒன்றை அரசு நடத்துகிறது, அது உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டும். உங்கள் கார் ஒரு பெரிய காரின் கதவில் உரசிவிட்டால் அந்தக் கதவுக்கான செலவு முழுக்க உங்கள் தலையில். குறைந்தபட்சம் எதிராளியின் வண்டிச் சேதத்துக்காவது காப்பீடு எடுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓட்டுவதென்றால் ஹிகின்சன் நெடுஞ்சாலையில் போய் என்2-வில் வடக்கே ஏறி, என்3 குறுக்கிடும் ஸ்பாகெட்டி ஜங்ஷனைத் தாண்டி எம்19-இல் இறங்க வேண்டும். துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் கன்டெய்னர் லாரிகள் நிறைய அந்தச் சந்திப்பைத் தொட்டுத்தான் போகின்றன. அங்கே சாலை விரிவாக்க வேலை வேறு. ஆறரைக்கு முன் கிளம்பினால் இருபத்தைந்து நிமிடம், ஏழு மணிக்குக் கிளம்பினால் அதைப்போல இரண்டு மடங்கு. ரோபோ எரியாமல் இருந்தால் நாலு பக்கமும் நின்று, யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போகும் முறை. ஹாரன் அடித்து நுழைந்துவிடலாம் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் முயலாதீர்கள். பையையும் மடிக்கணினியையும் இருக்கையில் வைக்காமல் கிளம்பும்போதே டிக்கியில் வைத்துவிடுங்கள். ரோபோவில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பறிப்பவர்கள் உண்டு, நின்ற இடத்தில் டிக்கியைத் திறந்து மாற்றி வைப்பதையும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாணவர் வண்டிக்கு அனுமதி ஸ்டிக்கர் எப்போது கொடுக்கிறார்கள் என்று பதிவு நாளிலேயே விசாரித்து விண்ணப்பியுங்கள். எட்டு மணிக்கு மேல் வந்தால் நிறுத்த இடம் தேடிக் குன்றை ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு செலவும் செய்த பிறகு, ஆய்வுக்கூடத்தில் ஓர் உள்ளூர்ப் பெண் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "நீ ஏன் ரெசர்வாயர் ஹில்ஸில் இல்லை?" அந்தப் பெயரையே நான் சரியாகக் கேட்டதில்லை. வளாகத்தை ஒட்டிய குடியிருப்பு அது. நெடுங்காலமாக இந்தியக் குடும்பங்கள் வாழும் இடம், வார்சிட்டி டிரைவ் என்றே ஒரு தெரு இருக்கிறது, வீட்டுக்கு வீடு மாணவர்களுக்கு அவுட்பில்டிங் விடுகிறார்கள். வாடகை எனக்கு 4,300 ரேண்ட். சாட்ஸ்வொர்த்தைவிட 800 கூடுதல் என்று தோன்றும், ஆனால் டாக்ஸிக்கும் செயலிக் காருக்கும் போன பணத்தைப் பார்த்தால் மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். முன் அறையை விடும்போது ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்று டெபாசிட் திரும்பவில்லை. ஆன்ட்டிமேல் எனக்குக் குறையில்லை, அவர்களும் அந்த வாடகையை நம்பித்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் இன்றும் ஆயாவைப் பார்க்கப் போகிறேன், என் காரில், பகலில்.

அங்கே அறை கிடைக்கவில்லை என்றால் அடுத்த வழி, ஹோவர்ட் காலேஜ் வளாகம் இருக்கும் கிளென்வுட் பக்கம் பாருங்கள். வளாகங்களுக்கு இடையே மாணவர்களுக்கான பல்கலைக்கழகப் பேருந்து ஓடுகிறது, மாணவர் அட்டை போதும். கால அட்டவணை ஒவ்வொரு பருவத்துக்கும் மாறலாம் என்பதால் போன வருடத்துப் படத்தை யாராவது அனுப்பினால் அதை நம்பாமல் அந்த வருடத்து அட்டவணையையே வாங்கிப் பாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, விடுமுறையில் ஓடுமா, சனிக்கிழமை உண்டா, இந்த மூன்றும் முக்கியம். ஆய்வு மாணவர்களுக்கு விடுமுறை கிடையாது, பேருந்துக்கு உண்டு.

வீட்டுக்காரரிடம் போனில் பேசும்போது "கேம்பஸுக்கு எவ்வளவு தூரம்" என்று கேட்டால் எல்லோரும் பக்கம்தான் என்பார்கள், அவர்கள் காரை வைத்துச் சொல்கிறார்கள். கார் இல்லாத ஒருவர் உங்கள் வீட்டிலிருந்து காலையில் எப்படிப் போகிறார், எங்கே மாறுகிறார், மாலையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கும் மாணவர் எண்ணைக் கேட்டு வாங்கி அவரிடமும் இதையே கேளுங்கள். முடிந்தால் ஜனவரி மூன்றாம் வாரத்திலேயே வந்து, ஒரு வாரம் தற்காலிகமாக எங்காவது தங்கி, வேலை நாள் ஒன்றில் காலை ஆறரைக்கும் மாலை ஆறுக்கும் அந்தத் தடத்தில் போய்ப் பார்த்துவிட்டு டெபாசிட் கொடுங்கள். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும் வாரத்தில் வந்தால் ரெசர்வாயர் ஹில்ஸில் நல்ல அறைகள் போயிருக்கும், செங்குத்தான தெருவின் அடியில் இருப்பவைதான் மிஞ்சியிருக்கும்.